காற்று வாங்கும் உரிமை

"கத்திரி பிறந்துவிட்டது, வெளியே தலைகாட்டாதே!" என்கிறது பஞ்சாங்கம். "கோடை பிறந்துவிட்டது, குளிரூட்டிய கூடத்துக்கு வாருங்கள், உண்ணுங்கள், களியுங்கள்!" என்கிறது கடைவீதி விளம்பரம். ஒன்று அச்சத்தை விற்கிறது. மற்றொன்று ஆசையை விற்கிறது. இரண்டுக்கும் நடுவே, மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் சைதையிலிருந்தும் பேருந்தேறி, சென்னைக் கடற்கரைக்கு வந்து சேருகிறதே ஒரு பெருங்கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

அவர்கள் காற்று வாங்க வருகிறார்கள். "வாங்க" என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! காசு கொடுக்காமல் ஏழை வாங்குகிற பொருள், இந்த மாநகரிலே காற்று ஒன்றுதான்! அரிசிக்கு விலை, தண்ணீருக்கு விலை, நிழலுக்கும் விலை. காற்றுக்கு மட்டும் இன்னும் எவரும் சீட்டுக் கிழிக்கவில்லை. கிழித்துவிடுவார்களோ என்பதுதான் நமது கவலை.

முதலில் பஞ்சாங்கத்தின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அக்கினி நட்சத்திரம் மே 4-ஆம் நாள் வாக்கில் பிறந்து, அம்மாதக் கடைசியில் விடைபெறுகிறதாம். அதுவரை கதிரவன் கனல் கக்குகிறானாம். வானநூல் கூறுவது வேறு. சென்னை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஆகவே நண்பகலில் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்பது ஏப்ரல் இறுதி வாரத்திலும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலுமே. ஆகஸ்டில் மேகம் குடை பிடிக்கிறது. ஏப்ரலிலோ குடையில்லை; காய்ந்த நிலம் மே மாதத்தில் மேலும் காய்கிறது. நிலம் விரைவில் சூடேறும், கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின்மேல் சூடேறிய காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கரையேறிப் பாய்கிறது. இதுதான் கடற்காற்று. மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுத்து வீசும் நாளில் அது கரையேறத் தாமதிக்கும். அன்று ஊர் வேகும். வருணன் அனுப்புவதுமில்லை, வாயு பகவான் தடுப்பதுமில்லை. 2003-ஆம் ஆண்டிலே, கத்திரி கழிந்தது என்று பஞ்சாங்கம் ஏட்டை மூடிவிட்ட பிறகு, மே 31-ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. நட்சத்திரம் போய்விட்டது, நெருப்பை எடுத்துச்செல்ல மறந்துவிட்டது போலும்!

இயற்கை இப்படிப் பேதமின்றிச் சுடுகிறது; பேதமின்றிக் குளிர்விக்கிறது. பேதம் செய்வது மனிதன். வெயில் எல்லோர்க்கும் பொது. ஆனால் வெயிலிலிருந்து விடுதலை, வாய்த்தவர்க்கு மட்டும். இந்த அநீதியைத்தான் நாம் கேட்கிறோம்.

"உண்பதும் உலவுவதும் கூத்துப் பார்ப்பதும் ஒரு பெரும் பிரச்சினையா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம். 1923, மே 1. சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரை மணலிலே இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். மே நாளின் கோரிக்கை என்ன? எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்பது. ஏன்? மீதிப் பொழுது எங்களுடையது என்பதால்! பிள்ளையோடு பேச, நண்பனோடு நடக்க, பாட்டுக் கேட்க, படிக்க, சும்மா இருக்க உழைப்பாளிக்குப் பொழுது வேண்டும் என்று தொழிலாளர் உலகம் போராடிப் பெற்ற உரிமையின் பெயர்தான் ஓய்வு. அது சீமான் வீட்டுச் சொத்தல்ல. பாறையைப் புரட்டும் நால்வரை ராய் சௌத்ரி வார்த்தெடுத்து 1959-இல் அதே கடற்கரையில் நிறுத்தினாரே, அந்த உழைப்பாளர் சிலையின் காலடியில் அமர்ந்து சுண்டல் தின்னும் மூட்டை தூக்கும் தோழனே அந்த உரிமைக்கு முதல் வாரிசு.

உணவை எடுத்துக்கொள்வோம். இந்த நகரத்தில் உண்பது என்றைக்கு வெறும் உண்பதாக இருந்தது? வெளியூரிலிருந்து கற்கவந்த பார்ப்பனரல்லாத மாணவனுக்குத் தங்க இடமில்லை, உண்ணப் பந்தியில்லை என்ற நிலையைக் கண்டுதான், டாக்டர் நடேசனார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்துதான், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகராண்மைக் கழகம், 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மதிய உணவுக்கு வழி செய்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு! இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் பிராமணர்க்கு ஓரிடம், இதராளுக்கு வேறிடம் என்றிருந்த இழிவு, பெரியாரின் இயக்கம் ஓயாது முழங்கிய பின்னர், 1941-இல்தான் ஒழிந்தது. அதன் பிறகும் உணவு விடுதிகளின் நெற்றியிலே "பிராமணாள்" என்ற பட்டை கலையவில்லை. 1957, மே மாதம். கோடை கொளுத்தும் வெயிலில், திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் வாயிலில் தோழர்கள் மறியலுக்கு நின்றார்கள்; நாள்தோறும் நின்றார்கள்; நாள்தோறும் சிறை புகுந்தார்கள். பல மாதம் நடந்த அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகே பலகை இறங்கியது.

காபிக்காகவா அவர்கள் சிறை சென்றார்கள்? இட்லியின் ருசிக்காகவா? இல்லை. ஒரே மேசையில் அமரும் மானத்துக்காக.

இன்று அந்தப் பலகை இல்லை. உண்மை. ஆனால் வேறு பலகைகள் முளைத்திருக்கின்றன. "பியூர் வெஜ்" என்று பச்சை எழுத்தில் பளபளக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். காய்கறி உண்பவர் காய்கறி உண்ணட்டும். அது அவர் விருப்பம். அதில் நமக்கு வழக்கில்லை. "சைவ உணவு விடுதி" என்று எழுதிக்கொண்டால் வாடிக்கையாளருக்குச் செய்தி விளங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் "சுத்தம்" என்றொரு சொல் எதற்கு? இது சுத்தம் என்றால், அடுத்த கடையில் மீன் குழம்பு ஊற்றிக்கொள்பவன் என்ன அசுத்தமா? அன்று ஆளைத் தீட்டு என்றார்கள். இன்று ஆளை விட்டுவிட்டு அவன் தட்டைத் தீட்டு என்கிறார்கள். தட்டு யாருடையது என்பது எல்லோர்க்கும் தெரியும்!

கற்பனையில் காரணம் தேடவில்லை நாம். 2018 டிசம்பரில், கிண்டிக்கு அருகே உள்ள ஐ.ஐ.டி. மாணவர் உணவுக்கூடம் ஒன்றில், சைவர்க்கு ஒரு வாயில், அசைவர்க்கு வேறு வாயில், கை கழுவுவதற்கும் தனித்தனி இடம் என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அது கிழிந்தது. அணுவைப் பிளக்கும் அறிவைக் கற்பிக்கும் வளாகத்தில், தண்ணீர்க் குழாயைப் பிளந்து வைத்தார்கள்! 2022 மே மாதம், ஆம்பூர் பிரியாணிக்கு விழா எடுப்பதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆட்டுக்கு அழைப்பு, கோழிக்கு அழைப்பு; அந்த ஊர் மக்கள் பல தலைமுறையாக உண்ணும் மாட்டிறைச்சிக்கு மட்டும் அழைப்பில்லை. கேள்வி எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கும் முதலில் அந்தக் கடை இல்லை. கேள்வி எழுந்த பிறகே வந்தது.

கேட்டால்தான் வரும் என்றால், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆட்சி எவருடையது என்று பார்த்துக் கேள்வியை அளந்து பேசுவது பகுத்தறிவு ஆகாது. திராவிட இயக்கத்தின் வழிவந்தோர் ஆளும் நாளிலும் பந்தியில் ஓர் இலை குறைந்தால், அதைச் சுட்டிக்காட்டும் முதல் விரல் நம்முடையதாகவே இருக்கவேண்டும். நல்லது செய்தால் எவர் செய்தாலும் பாராட்டவும் வேண்டும். 2013-இல் மாநகராட்சி திறந்த அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறு என்று வைத்தபோது, சுமை தூக்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே மேசையருகே நின்று உண்டார்கள். யார் பெயரில் திறந்தார்கள் என்பதல்ல, யார் யார் அருகே நின்றார்கள் என்பதே நமக்குச் செய்தி.

குளிரூட்டிய கூடத்தைவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். சென்னையின் உண்மையான கோடை விருந்து தள்ளுவண்டியில் இருக்கிறது. கம்பங்கூழும் மோர்மிளகாயும், உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காய்க் கீற்று, பனை நுங்கு, தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல். பாரிமுனைக்குச் செல்லுங்கள், செகண்ட் லைன் பீச் தெருவிலே அத்தோ விற்கிறார்கள். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தபின், கடையிழந்து, வீடிழந்து, கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. உடைமையைப் பறித்தவர்களால் கைப்பக்குவத்தைப் பறிக்க முடியவில்லை. வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணத்தில், புளியும் பொரித்த வெங்காயமும் பிசைந்த அத்தோ ஒரு தட்டில். எவனும் அங்கே குலம் கேட்பதில்லை. வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்றுதான் கேட்கிறார்கள்!

இந்த வண்டிக்காரனைப் பாதுகாக்க 2014-இல் நடுவண் சட்டமே வந்தது. கணக்கெடுக்க வேண்டும், அடையாள அட்டை வழங்க வேண்டும், விற்பனைக் குழுவில் அவர்கள் பிரதிநிதிகளும் அமர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நகரை அழகுபடுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் அகற்றப்படும் அழுக்கு யார்? அவன்தான்!

கடற்கரையின் கதையும் அதுவே. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து "மெரினா" என்று பெயரிட்டார். அவர் பெயரிடுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த மணலில் கட்டுமரம் கிடந்தது, வலை காய்ந்தது. ஆனால் வந்தவர் கண்ணுக்கு, இருந்தவர் இடையூறாகத் தெரிந்தார்! 1985-இல், கட்டுமரமும் வலையும் காட்சியைக் கெடுக்கின்றன என்று அகற்ற முனைந்தபோது, துப்பாக்கி வெடித்தது. மீனவர் உயிர்கள் மணலில் சாய்ந்தன. 2023 ஏப்ரலில், நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்குத் தடை என்று அகற்றப்பட்டன. மீனைச் சாலையிலே கொட்டி மகளிர் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அங்காடி முதலில், அகற்றல் பிறகு என்று ஏன் இந்த நாட்டில் ஒருமுறைகூட வரிசை அமைவதில்லை? பொரித்த வஞ்சிரம் வேண்டும், அதைப் பிடித்தவன் பார்வையில் படக்கூடாது. இதன் பெயர் அழகுணர்ச்சியா?

கலைக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் சபாக்களில் கோடை நாடக விழா நடக்கிறது. மத்தியதர வர்க்கம் விசிறியை மறந்து சிரித்து மகிழ்கிறது. மகிழட்டும். ஆனால் கோடை, கூத்தின் பருவம் என்பதை எத்தனை சபா அறியும்? செங்கற்பட்டிலும் காஞ்சியிலும் ஆர்க்காட்டிலும் அறுவடை முடிந்த வயல்வெளியில், இரவு தொடங்கி விடியும்வரை ஆடுகிறார்களே தெருக்கூத்துக் கலைஞர்கள், அவர்கள் நகரத்துக்கு எட்டாத தொலைவிலா இருக்கிறார்கள்? கூத்தில் வரும் புராணத்தை நாம் ஏற்கவில்லை, ஏற்கப்போவதுமில்லை. கதை பழையது, ஆனால் ஆடுபவனின் அடவும் தொண்டையும் உழைப்பும் நம்முடையவை. அதே கூத்தில் புதுக் கதை புகுத்தலாம். சீர்திருத்தத்தை மேடையேற்றிய இயக்கத்துக்கு இதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

வழி காட்டியவர்களும் உண்டு. 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே மேடை போட்டுப் பறையாட்டத்தையும் கருநாடக இசையையும் ஒரே இடத்தில் ஒலிக்கச் செய்தார்கள் சில கலைஞர்கள். குப்பத்தான் சபாவுக்கு வரவில்லை. சபா குப்பத்துக்கு வந்தது! நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தில் "வானம்" என்ற பெயரில் ஒடுக்கப்பட்டோர் வரலாற்றையும் கலையையும் முன்வைத்து விழா நடத்துகிறது. சாவு வீட்டு வாசலில் மட்டும் நிறுத்தப்பட்டிருந்த கானாப் பாட்டும் பறையும் இப்போது நடுமேடையில் நிற்கின்றன. அங்கே செல்லுங்கள், தோழர்களே! எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளன. கோவிலில் எட்ட நின்று கும்பிடு என்றார்கள். அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பக்தனாக அன்று, வார்த்த கருமானின் கைத்திறனை வியக்கும் மனிதனாக! அருள் எங்கே என்று தேடாமல், மெழுகு எங்கே உருகியது, உலோகம் எவ்வழி பாய்ந்தது என்று தேடுங்கள்.

பூங்காவும் அரசியலே. தியாகராய நகரை உருவாக்கியபோது நடுவே பனகல் பூங்காவையும், அருகே நடேசன் பூங்காவையும் வைத்தார்கள். வீட்டுமனைக்கு விலை போகும் இடத்தை நிழலுக்கு விட்டுக்கொடுத்த காலம் அது. சுற்றிலும் கடைகள் மலைபோல் எழுந்த பின்னும், பொட்டலம் பிரித்து உண்டு இளைப்பாற வந்தவனுக்கு அந்த மரநிழல் காசு கேட்கவில்லை. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அழகிய பூங்கா. நுழைவுக்குப் பெரியவர்க்கு நூறு ரூபாய், சிறுவர்க்கு ஐம்பது என்று சீட்டு வைத்தார்கள். கணவன், மனைவி, இரு பிள்ளைகள்: முந்நூறு ரூபாய் வாயிலிலேயே போயிற்று! நாள் கூலிக்காரன் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "அப்பா, நாம் உள்ளே போகக்கூடாதா?" என்று பிள்ளை கேட்டால், அவன் என்ன சொல்வான்? அன்று "சாதியில்லை, போ" என்றார்கள். இன்று "சீட்டில்லை, போ" என்கிறார்கள். பிள்ளையின் காதுக்கு இரண்டும் ஒரே "போ"தான்! பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான். இராட்டினத்துக்கும் விளையாட்டுக்கும் கட்டணம் வையுங்கள். நிழலுக்கும் புல்லுக்கும் வைக்காதீர்கள். பொது நிலத்தில் ஒரு நடை நடப்பதற்கு ஏழை விலை கொடுக்கக்கூடாது.

இனி, வீட்டுக்குள் திரும்புவோம். ஏனெனில் வெளியே கேட்கும் நியாயத்தை உள்ளே மறப்பது நம் தோழர்களிடமும் உள்ள நோய். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ஆடவர்க்கு மாலை உலா. பெண்ணுக்கு? அவளுக்குக் கோடை என்பது வடகம் பிழிவதும், வற்றல் காயவைப்பதும், விருந்தாளிக்கு அடுப்பெரிப்பதும்! 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததே, அன்று நள்ளிரவில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர் யார்? கடற்கரையில் வடை தின்றவர் அல்லர்! 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றாயிற்று. அந்த ஆணை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் உதவவில்லை. யாரிடமும் சில்லறைக்குக் கையேந்தாமல், தோழியோடு கடற்கரைக்குப் போய்வரும் துணிவையும் தந்தது. ஆணை அரசு போட்டுவிட்டது. "எங்கே போகிறாய்?" என்ற அதட்டலை நிறுத்தும் ஆணையை, ஒவ்வொரு வீட்டிலும் நாம்தான் போடவேண்டும்.

நமது இன்பத்துக்காக உழைப்பவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான், அவனையும் மறவாதீர்கள். கடை ஊழியர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 2021-இல்தான். உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது! உணவுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு நண்பகல் வெயிலில் பறக்கும் இளைஞர்கள் இளைப்பாற, 2025-இல் அண்ணா நகரில் மாநகராட்சி குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. நல்ல தொடக்கம். தொடக்கம் காட்சிப் பொருளாக நின்றுவிடாமல் வட்டந்தோறும் பரவவேண்டும்.

"சாதி ஒழிப்பும் வேலையின்மையும் இருக்க, பூங்காவும் சுண்டலும் பேசுவதா?" என்று கேட்கும் தோழருக்கு நமது விடை இது. சாதி ஏட்டில் மட்டும் வாழவில்லை. பந்தியிலே வாழ்கிறது, பலகையிலே வாழ்கிறது, மேடையின் முன்வரிசையிலே வாழ்கிறது. அது வாழும் இடத்துக்குச் சென்றுதான் அதைச் சந்திக்கவேண்டும். தீண்டாமை ஒழிக என்று முழங்கும் வாய், அதே நாள் மாலை யாரோடு அமர்ந்து உண்டது? இதுதான் சோதனை.

ஆகவே, இந்தக் கோடைக்கு வேலைத்திட்டம் ஒன்று வைக்கிறோம். நம் படிப்பகம் ஒவ்வொன்றும் மாதம் ஒருமுறை தெருவையெல்லாம் கூட்டிச் சமபந்தி நடத்தட்டும். விரும்பியவர் விரும்பியதை உண்ணட்டும். சமைப்பதும் கழுவுவதும் ஆண்களின் பொறுப்பாகட்டும். அந்தந்தப் பகுதிக் கூத்து, பறை, கானாக் கலைஞர்களை அழைத்து, கூலியைக் குறைக்காமல் கொடுத்து மேடையேற்றட்டும். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடல்களை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கோரி வட்ட உறுப்பினரிடம் மனு கொடுக்கட்டும். கொளுத்தும் நண்பகலில் எந்தப் பூங்காவாவது பூட்டியிருந்தால், எவருக்காகப் பூட்டினீர்கள் என்று கேட்கட்டும்.

2022-இல் மெரினாவில் மணலின்மீது மரப்பாதை அமைத்தார்கள். கடற்கரைக்கு ஆண்டாண்டாக வந்தும் அலையின் ஓசையை மட்டுமே கேட்டுத் திரும்பிய சக்கர நாற்காலித் தோழர்கள், அன்று அலையை அருகே கண்டார்கள். சில நூறு அடிப் பலகை! சிறு புயல் வந்து கொஞ்சம் பெயர்த்துப் போட்டது, மீண்டும் பொருத்தினார்கள். தோழர்களே, நமது பணியும் அதுதான். முன்னோர் இறக்கிய பலகை இழிவுப் பலகை. நாம் இட வேண்டியது வழிப் பலகை; அலைவரைக்கும், கடைசி ஆள் வந்துசேரும் வரைக்கும்!